பெயரை மாற்றினேன், நட்சத்திரத்தை விட்டுவிட்டேன்

கோமதி அன்று என் வீட்டு கேட்டைத் திறக்கவில்லை. வெளியே, காலை வெயிலில், குடையில்லாமல் நின்றாள். கையில் கோயில் பிரசாதம்: வாழையிலைத் துண்டில் கொஞ்சம் சந்தனம், இரண்டு தெச்சிப்பூ, துளசி. சந்தனத்தை அவள் இட்டுக்கொண்டிருக்கவில்லை. அது இலையிலேயே காய்ந்து ஓரம் வெளுத்திருந்தது.

எதிர் வீட்டுக்காரி. இருபத்தைந்து வருடமாகக் கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்து நிற்பவள்.

"உள்ளே வாயேன் கோமதி. வெயில் என்ன கொளுத்தறது பார்."

"வரலை அக்கா. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். உங்க கம்ப்யூட்டர் டைரியிலே ராதான்னு ஒரு பொண்ணு வர்றாளாமே. அவ நட்சத்திரம் என்ன?"

யார் நட்சத்திரத்தைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவது என் வழக்கம். அன்றும் புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது.

"பூரட்டாதி" என்றேன்.

"எம்பொண்ணும் பூரட்டாதியாக்கும்" என்றாள் கோமதி. "அப்போ இந்தத் தெருவிலே ரெண்டு பூரட்டாதி இருக்கா?"

இல்லை. ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிரசாதத்தைக் கேட்டின் மேல்கம்பியில் வைத்துவிட்டு அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேதி எங்கே?

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "தேதி பிசகாமல் குறிப்பெழுதும் பெண்மணி என்று முதல் வாரம் அறிமுகப்படுத்தினார்கள். இத்தனை வாரமாகியும் ஒரு தேதியைக்கூடக் காணோமே" என்று நாகர்கோவில் வாசகர் ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருந்தார். அவருக்குப் பதில்தான் இந்த அத்தியாயம்.

குறிப்பெழுதுவது எனக்கு உத்தியோகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தினமும் மாலை காபி குடித்த கையோடு நோட்டை எடுத்துவிடுவேன். பக்கத்தின் தலையில் மூன்று தேதிகள்: ஆங்கிலம், தமிழ், கொல்லம் ஆண்டு. பக்கத்தில் அன்றைய நட்சத்திரம். கீழே மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது, மின்சாரம் எத்தனை தடவை போனது, தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு இது உபயோகமாகவே இருந்தது. "அக்கா, எங்காத்துக் கிணத்துக்கு மூடி போட்டது என்னிக்கு?" என்று வந்து நிற்பார்கள். இரும்பு அலமாரியைத் திறந்து, பாச்சை உருண்டை வாசனையோடு நோட்டை எடுத்துப் பார்த்துச் சொல்வேன். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்றதும் புனேயில் இருக்கும் தம்பி மகன் ஒரு வலைப்பதிவு தொடங்கித் தந்தான். "அத்தை, நோட்டிலே எழுதறதை இதிலே எழுது, ஊர்லேர்ந்து போனவாள்லாம் படிப்பா" என்றான். படித்தார்கள். மஸ்கட்டில், பெங்களூரில், அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள். எல்லோரையும் கூட்டினாலும் ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசைக்குக் காணாது. ஆனால் மறுமொழி போடுவார்கள். "மாமி, இதைப் படிச்சா நம்ம தெருவிலே நடக்கற மாதிரியே இருக்கு" என்று ஒருத்தி எழுதினால் அந்த வாரம் முழுக்க எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம்.

நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். வலைப்பதிவுக்குப் பூட்டு இல்லை. இந்த வித்தியாசத்தை நான் யோசித்ததே இல்லை.

கல்லாற்றுப் பாறை

ஒரு வெள்ளிக்கிழமை, பழைய அலுவலகத் தோழிகள் சிலரோடு பொன்முடிக்குக் கிளம்பினேன். கல்லாற்றில் வேன் நின்றது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். நான் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள இறங்கினேன்.

பாறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் நீலக் கயிறு, அதில் அடையாள அட்டை. கோமதியின் ஒரே மகள் யாமினி. அந்த நேரத்தில் அவள் கழக்கூட்டத்தில், தன் கம்பெனியின் ஏழாவது மாடியில் இருந்திருக்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"லீவா?" என்றேன்.

"ஆமா மாமி" என்றாள். பிறகு டிபன் பாக்ஸை மூடினாள். "இல்லை மாமி. வேலை போயிடுத்து. மூணு மாசமாச்சு."

"அப்போ இது?" என்று கயிற்றைக் காட்டினேன்.

"கார்டை அவா வாங்கிண்டுட்டா. கயிறு மட்டும் எங்கிட்டே இருந்தது." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். கிழக்கேகோட்டைப் புடவைக் கடையின் தள்ளுபடி அட்டை. "அம்மாவோடது. தேடிண்டிருக்கா." சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது.

தினமும் காலையில் அம்மா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டோடு கிளம்பிவிடுகிறாள். ஊருக்குள் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது தெரிந்தவர்கள் வந்துவிடுகிறார்கள். அதனால் தம்பானூரில் கிடைக்கிற பஸ்ஸில் ஏறி, அது போகிற கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே உட்கார்ந்து மொபைலில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்துக்குத் திரும்புகிறாள். வெள்ளறடை, விதுரை, பூவாறு. எல்லாக் கடைசி ஸ்டாப்பிலும் எந்தக் கடையில் கழிப்பறை உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

"அம்மாகிட்டே சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அப்பா வேலை பார்த்த இடம் மூடினப்போ அம்மாவுக்கு அடுத்தாத்து மாமி சொல்லித்தான் தெரிஞ்சது. அப்பா தினம் கிளம்பிப் போயிண்டுதான் இருந்தார். அப்பா செத்துப் போயும் ஆச்சு, அம்மா இன்னும் அதையே சொல்லிண்டிருக்கா. 'ஊருக்கெல்லாம் தெரிஞ்சு எனக்குக் கடைசியிலே தெரிஞ்சதே'ன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நானும் அதையே பண்ணிண்டிருக்கேன், தெரியறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியிலே கடைசி ரவுண்டு. முடிஞ்சதும், கிடைச்சாலும் கிடைக்காட்டாலும், நானே சொல்லிடறேன். ஒரு வாரம் மாமி. அதுவரைக்கும் யார்கிட்டேயும் மூச்சு விடாதீங்கோ."

"விடமாட்டேன்" என்றேன். கையில் அடித்தே சொன்னேன்.

ராதாவின் கதை

மூச்சு விடவில்லை. கோமதி தினமும் சமையலறைக்கு வந்தாள், நான் வெண்டைக்காயின் விலையைப் பற்றிப் பேசினேன். ஆனால் அந்தப் பாறையும் புளியோதரையும் என்னை விடவில்லை. நாலாவது நாள், செவ்வாய்க்கிழமை மாலை, வலைப்பதிவில் எழுதினேன்.

எப்படி மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். யாமினியை ராதா ஆக்கினேன். கழக்கூட்டத்துக் கம்பெனியைக் கொச்சியில் ஒரு வங்கி ஆக்கினேன். கல்லாற்றை நெய்யாறு ஆக்கினேன். புடவைக் கடை அட்டையை நூலக அட்டை ஆக்கினேன். அது மட்டும் மனதுக்கு ஒப்பவில்லை, புடவைக் கடைதான் அழகாக இருந்தது.

தேதியை மாற்றக் கை வரவில்லை. என் வலைப்பதிவில் பொய்த் தேதி என்பது அதுவரை கிடையாது. கடைசிப் பத்தியை இப்படி முடித்தேன்: "நாளை பூரட்டாதி. ராதாவின் அம்மா மாதம் தவறாமல் செய்வதுபோல மகளின் பெயருக்குப் புஷ்பாஞ்சலி சீட்டு வாங்கக் கோயிலில் நிற்பாள். எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மூன்று முறை படித்து ரசித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய கோப்பு

இங்கே பதிவறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பழைய மனுக்களை வெளியாள் யாருக்காவது காட்டுவதானால், மனுதாரரின் பெயர்மேல் காகிதத் துண்டு ஒட்டிவிட்டுத்தான் காட்டுவோம். ஒருமுறை புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் பெயரை மட்டும் ஒழுங்காக மறைத்துவிட்டு, "வீட்டு முன் இரட்டைப் பலாமரம், பின்னால் அம்மன் கோயில் குளம்" என்ற வரியை அப்படியே விட்டிருந்தார்.

"எந்தா சாரே, இது பேரைவிடத் தெளிவா இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் அவரைக் கேலி செய்தேன். அவர் காது சிவந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைய நோட்டில் அதைச் சிரித்துக்கொண்டே எழுதியும் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் நட்சத்திரம் என்பது அந்த இரட்டைப் பலாமரம்தான். கோயில் கவுண்டரில் இருப்பவர் "பேரு? நாளு?" என்று இரண்டு கேள்விதான் கேட்பார். நாள் என்றால் இங்கே நட்சத்திரம். அர்ச்சனை முடிந்ததும் தலைமை அர்ச்சகரான மேல்சாந்தி இலையை நீட்டிக்கொண்டு நட்சத்திரத்தையும் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும். ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் இன்னொருத்தி அவளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்குவாள். அதனால் தெருவில் யாருடைய பிறந்த வருடமும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது; நட்சத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்.

இதையெல்லாம் அறியாத ஒருத்தி எழுதியிருந்தால் மன்னிக்கலாம். நான் அந்த வரிசையில் மாதம் நாலு முறை நிற்பவள்.

கவுண்டர் வரிசை

பெங்களூரில் இருக்கும் ஒரு பெண் அன்றிரவே பதிவை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். "நம்ம மாமி எழுத்தைப் பாருங்கோ, அழுதுட்டேன்" என்று ஒரு வரி, பக்கத்தில் மூன்று சிவப்பு இதயம். அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கோமதி பழைய போன்தான் வைத்திருக்கிறாள், அந்தக் குழுவில் இல்லை.

மறுநாள் காலையில் நடந்தது கோமதி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கவுண்டரில் பெயரும் பூரட்டாதியும் சொல்லிச் சீட்டு வாங்கியிருக்கிறாள். பின்னால் நின்ற அடுத்த வீட்டு பார்வதி அவள் தோளில் கை வைத்தாளாம்.

"கவலைப்படாதே கோமதி. இந்தக் காலத்துலே வேலை போறதும் வர்றதும் சகஜமாக்கும். பகவான் ஒரு வழி காட்டுவான்."

"யாருக்கு வேலை போச்சு?"

பார்வதி கையை எடுத்துவிட்டாள். "இல்லை... மாமி ராதான்னு பேர் போட்டு எழுதியிருந்தாளே. நாங்க எல்லாரும் படிச்சோம். நீ தைரியமா இருக்கியேன்னுதான் பேசிண்டோம்."

அதே நேரத்தில் உள்ளேயிருந்து மேல்சாந்தி "பூரட்டாதி" என்று கூப்பிட்டிருக்கிறார். கோமதி போய்க் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, நேராக என் கேட்டுக்கு வந்தாள்.

அவள் போனதும் பதிவை நீக்கினேன். எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று, நீக்க ஒரு நொடி. ஆனால் அது அதற்குள் எத்தனையோ போன்களில் உட்கார்ந்துவிட்டது. யாமினிக்கு போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தாள். அன்று எந்த பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில் இருந்தாளோ.

இரண்டு டிபன் பாக்ஸ்

யாமினி மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"ஒரு வாரம் கேட்டேன் மாமி. நீங்க நாலு நாள்தான் தந்தேள்."

"பேரை மாத்தியிருந்தேனே யாமினி. ஊரை, ஆத்தை, எல்லாத்தையும்..."

"பேரை மாத்துங்கோன்னு நான் கேட்கலையே. சொல்லாதீங்கோன்னுதானே கேட்டேன்."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை.

முந்தின நாள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவும் துணிவில்லை. அவளாகவே சொன்னாள். வழக்கமான நேரத்துக்குக் கயிறும் அட்டையுமாகப் படியேறியிருக்கிறாள். கோமதி தட்டில் தோசை வைத்துவிட்டு, "கழுத்திலே கிடக்கறதைக் கழட்டி வை. வேர்க்கறது" என்று மட்டும் சொன்னாளாம். காலையில் எழுந்து வந்து பார்த்தால் மேஜைமேல் ஒன்றுக்குப் பதில் இரண்டு டிபன் பாக்ஸ். கோமதி புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றிருக்கிறாள்.

"இன்னிக்கு எந்த பஸ்ஸு?"

இரண்டு பேருமாகப் பூவாறுக்குப் போய்வந்திருக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில், மணலில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "மூணு மாசம் இப்படி ஒத்தையிலே உட்கார்ந்து சாப்டியா?" என்று கேட்டு கோமதி அழுதாளாம்.

வெள்ளிக்கிழமைக் கடைசி ரவுண்டுக்கு யாமினி போனாள். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கும் நான் எழுதியதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் சொல்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தெரு என்னவோ ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "பயோடேட்டா அனுப்பு, எம் மாப்பிள்ளைகிட்டே சொல்றேன்" என்றார் ஒருவர். பால் வாங்கப் போனால் "ஏதாவது ஆச்சா?" என்றார் இன்னொருவர். பார்வதி விளக்கு ஏற்ற ஒரு பரிகாரம் சொன்னாள். இரண்டு மாதத்தில் யாமினிக்கு வேறொரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. தினமும் போய்வரும் தூரம்தான், ஆனாலும் கழக்கூட்டத்திலேயே ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள்.

"ஏண்டி, தெருவிலே யாராவது ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை மாமி. எல்லாரும் நல்லவா. அதான் தாங்கலை."

எதிர் வீட்டில் இப்போது கோமதி மட்டும்தான். ராத்திரி ஒரு ஜன்னலில்தான் விளக்கு எரிகிறது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை என்று எழுத நினைத்தேன், இதோ எழுதிவிட்டேன். இந்த வரிக்கும் கோமதியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பால் திரிந்த நாள்

ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாமினி வந்தாள். அன்று உட்கார்ந்தாள். முறுக்கு கொடுத்தேன், எடுத்துக்கொண்டாள்.

"உங்க பிளாக்கை முதல்லேர்ந்து படிச்சேன் மாமி. தெரு முழுக்க அதிலே இருக்கு. பார்வதி மாமியோட முழங்கால் ஆபரேஷன் இருக்கு. எங்கப்பா காரியத்துக்கு யார் யார் வந்தான்னு இருக்கு. உங்களைக் காணோமே?"

"நான்தானே எழுதறேன்."

"நீங்க எழுதறேள். நீங்க இல்லை. என்னோட ஒண்ணைப் போட்டேளே, உங்களோட ஒண்ணைப் போடுங்கோ பார்ப்போம்." பாதி கேலி, பாதி கேலியில்லை.

அவள் போனதும் அலமாரியைத் திறந்தேன். என் வாழ்க்கை திசை மாறிய நாள் என்று ஒன்று உண்டு. அந்த வருடத்து நோட்டை, பழுப்பு அட்டை போட்டது, தேடி எடுத்தேன். மூன்று தேதிகளும் நட்சத்திரமும் முத்து முத்தான எழுத்தில் இருந்தன. கீழே இவ்வளவுதான்: "மழை இல்லை. புழுக்கம். மாலை பால் திரிந்தது."

வேறு யாரும் திறக்க முடியாத அலமாரியில் வைக்கிற நோட்டில்கூட என்னைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. எப்படி மறைப்பது என்று எனக்குத் தெரியாமல் இல்லை என்பது அன்று விளங்கியது. எனக்கு என்றால் மூன்று வாக்கியம். யாமினிக்கு என்றால் பாறை, புளியோதரை, கயிறு, நட்சத்திரம்.

அடுத்த ஞாயிறு யாமினியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அன்று என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"போட வேண்டாம் மாமி" என்றாள்.

பென்சில் கோடுகள்

இந்த வாரப் பத்திரிகைக்கு இதை எழுதலாமா என்று அவளிடமும் கோமதியிடமும் கேட்டேன். எழுதியதைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். யாமினி பென்சிலோடு உட்கார்ந்தாள். ஒரு முழுப் பத்தியை அடித்தாள். அது எங்கே இருந்தது என்று தேடாதீர்கள். புடவைக் கடை அட்டையை மட்டும் விட்டுவிட்டாள். "அது இருக்கட்டும், நீங்க ஆசைப்பட்டேளே."

யாமினி என்ற பெயர் அவளே வைத்துக்கொண்டது. "சின்னதுலேர்ந்தே எனக்கு இந்தப் பேரை வைக்கலியேன்னு அம்மாமேல கோபம்." நட்சத்திரமும் அவள் பொறுக்கியதுதான். இருபத்தேழையும் சொல்லிப் பார்த்துவிட்டு, பூரட்டாதி வாய் நிறைய இருக்கிறது என்றாள். தெருப் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? தெருவுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள்.

கோமதி கடைசியாகப் படித்தாள். இப்போது சமையலறைக்கு வருகிறாள், தினமும் இல்லை. வந்தாலும் வெண்டைக்காய், வெயில், மழை, அவ்வளவுதான் பேசுகிறாள். வீட்டு விஷயம் ஒன்றும் வாயிலிருந்து வராது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"நட்சத்திரத்தை மாத்தியாச்சா?"

"ஆச்சு."

"தேதி?"

"ஒண்ணுகூட இல்லை. எடுத்துட்டேன்."

விரல் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போயிற்று. "நான் கேட்டண்டை நின்னேனே, அன்னிக்கு வானம் எப்படி இருந்ததுன்னு அப்படியே எழுதியிருக்கேளே."

"அது வெறும் வானிலைதானே கோமதி."

"உங்களுக்கு வானிலை" என்றாள். "நான் அங்கே எப்படி நின்னேன்னு எனக்குத்தான் தெரியும். அது எனக்கு இருக்கட்டும் அக்கா."

பென்சிலை எடுத்து முதல் பத்திகளைத் திருத்தினேன். இத்தனை வருடத்தில் வானிலையை நான் மாற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. மேலே நீங்கள் படித்த வெயில் கோமதி சொல்லி எழுதியது. அன்றைய நோட்டில் உண்மையில் என்ன இருக்கிறதோ, அது அலமாரியில் பூட்டியிருக்கிறது.